தங்கவயலில் ஒரு பழைய வீடு



போன இதழில் மழைக்காலத்தில் துணி உலர்த்துவது பற்றி எழுதும்போது, 'நாங்கள் வாங்கிச் செப்பனிட்ட பழைய வீட்டில்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான்! துணியை விட்டுவிட்டு எல்லாரும் வீட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். 'பழைய வீடு வாங்கினால் லாபமா நஷ்டமா?', 'கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இடித்துக் கட்டும் வேலையைச் சமாளிக்க முடியுமா?' என்றெல்லாம் கேள்விகள். நான் எஞ்சினீயர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள். ஆனால் பட்டு அறிந்தது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருக்கிறது என்றாலும் தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கும் ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நம் ஜனங்கள். என் தாத்தா அப்படிப் போனவர்தான். வெள்ளைக்காரர்கள் பங்களாவும் தோட்டமுமாக வாழ்ந்ததால் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர் அது. சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902-லேயே மின்சாரம் கொண்டுவந்து விளக்கெரித்த ஊர். இப்படிப் பெருமை பேச நிறைய உண்டு.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். 'சங்கு ஊதாத ஊர்ல எப்படிடா பொழுது விடியும்?' என்று பக்கத்து லைன் பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஷிப்டுக்கு ஊதும் சங்கை வைத்துத்தான் நாங்கள் அரிசி களைவோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவோம்.

அம்மா வரமாட்டேன் என்றாள்

கல்யாணமாகி நான் பெங்களூருக்கு வந்துவிட்டேன். அப்பா 2008-ல் போய்விட்டார். அம்மா மட்டும் சாம்பியன் பக்கத்தில் பழைய லைன் வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மழை பெய்தால் நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்.

"எங்களோடு வந்துடும்மா" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! ஒரு வாரம் வருவாள். எட்டாம் நாள் பையைத் தூக்கிக்கொள்வாள். "மாடியில வெச்சு என்னைப் பூட்டிட்டா நான் யார்கிட்ட பேசறது பாப்பா? அங்கே நான் தெருவில நடந்தா நாலு பேரு 'அக்கா, சாப்டீங்களா'ன்னு கேப்பாங்க" என்பாள்.

எங்களுக்கோ பெங்களூரில் சொந்த வீடு என்பது எட்டாக் கனி. வாடகை வருஷா வருஷம் ஏறுகிறது. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் தானாகவே சொன்னார்: "ஏன், தங்கவயல்லேயே ஒரு வீடு பாத்துடலாமே. மாரிக்குப்பம் ரயில்ல தினமும் எத்தனை பேர் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோறாங்க! நானும் அதுல ஒருத்தனா இருந்துட்டுப் போறேன்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "ரசத்தை ஊத்து முதல்ல" என்றார்.

இது 2022-ல். அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

முதலில் பார்த்த வீடு

முதலில் பார்த்தது என் மனசை அள்ளிக்கொண்டது. பெரிய தாழ்வாரம், சரிவான ஓட்டுக் கூரை, முன்னால் இரண்டு பெரிய மரங்கள். சின்ன வயசில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பங்களாக்களைப் போலவே இருந்தது. விலையும் குறைவு. தரகர், "அக்கா, இன்னைக்கே அட்வான்ஸ் குடுங்க, நாளைக்கு இருக்காது" என்று அவசரப்படுத்தினார்.

பத்திரம் எங்கே என்று கேட்டோம். "பத்திரம் எதுக்குங்க? ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டுத் தரோம்" என்றார்.

அங்கேதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். தங்கவயலில் ஏராளமான வீடுகள் நிற்பது சுரங்கக் கம்பெனி நிலத்தில். அதில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. ஆனால் குடியிருப்பது வேறு, பாத்தியதை வேறு. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்த வீட்டையும் நிலத்தையும் விற்றால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீடு நம்முடையது ஆகிவிடாது. விற்கிறவருக்கே சொந்தமில்லாததை அவர் எப்படி நமக்குத் தர முடியும்?

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. "மரத்துக்காகவா அழறே?" என்றார் இவர். ஆமாம், மரத்துக்காகத்தான்.

அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கத்தில் தனியார் பெயரில் பத்திரம் உள்ள வீடு மட்டும்தான் பார்ப்பது. அப்படிக் கிடைத்ததுதான் இப்போது நாங்கள் இருக்கும் வீடு. தெருவைப் பார்த்து ஒரு திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் துணி துவைக்க ஒரு கல். ஒன்றரை அடி கனத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். மேலே மங்களூர் ஓடு. எழுபது எண்பது வருஷத்து வீடு என்றார்கள். பதினாறு லட்சம் சொல்லி, பதினைந்தேகாலுக்கு முடிந்தது.

பணம் புரட்டியது தனிக் கதை. எங்கள் சேமிப்பு, ஒரு வங்கிக் கடன், அதற்கும் மேலே அம்மாவின் நாலு சவரன் சங்கிலி. அப்பா வாங்கிக் கொடுத்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். "முப்பது வருஷம் தங்கம் தோண்டின மனுஷன் எனக்கு வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதான். அது கழுத்துல கிடந்தா என்ன, கூரையில கிடந்தா என்ன?" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள்.

தட்டிப் பார்த்து வாங்குங்கள்

சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? வீட்டையும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

கூரையின் கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினோம். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். கரையான் தின்றது 'பொத்' என்று ஓட்டைச் சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் ஒரு கோணி ஊசியைக் குத்திப் பார்த்தோம். இருபத்தொரு கைமரத்தில் ஆறு போய்விட்டிருந்தன. இதைச் சொல்லித்தான் விலையில் முக்கால் லட்சம் குறைத்தோம்.

சுவரில் விரிசல் இருந்தது. தங்கவயல் வீடுகளில் விரிசல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சுரங்கம் நடந்த காலத்தில் ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்கும். 'ராக் பர்ஸ்ட்' என்போம். மேலே பரணில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கலகலவென்று ஆடும். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய ஊர் இல்லையா! அப்படிச் சத்தம் வந்துவிட்டால் சுரங்கத்தில் ஆள் இருக்கும் வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். சங்கு எப்படி ஊதுகிறது என்று காது கொடுப்பார்கள்.

பழைய விரிசல், இனிமேல் வளராத விரிசல் என்றால் பயமில்லை. வளருகிற விரிசல்தான் ஆபத்து. எங்களுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி இதற்கு எளிய வழி சொன்னார். விரிசலின் மேல் குறுக்காக ஒரு சின்னத் திட்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, அதில் தேதி எழுதிவிட வேண்டும். விரிசல் அசைந்தால் அந்தத் திட்டு கீறிவிடும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி இப்படிச் செய்து, ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தோம். கீறவில்லை. அதற்குப் பிறகும் ஒரு எஞ்சினீயரை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தோம்.

நான் செய்த தவறு

இப்போது இந்தக் கட்டுரையை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அந்த விஷயத்துக்கு வருகிறேன். பத்திரம், விரிசல், கரையான் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். தூசியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்.

2023 தை மாதம் வேலை ஆரம்பித்தோம். முதல் நாள் சமையல்கட்டுச் சுவரில் உப்புப் பூத்த காரையைக் கொத்தி எடுத்தார்கள். அம்மா ஆசையாகப் பார்க்க வந்தவள், கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருக்கும் கதவைச் சாத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் பாட்டுக்கு ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் மொச்சையின் மேல் வெள்ளையாக ஒரு படலம். அம்மாவின் தலையிலும் அதே படலம்.

அன்று ராத்திரி பிடித்த இருமல் எட்டு நாள் விடவில்லை. டாக்டர் மார்பைச் சோதித்துவிட்டு, "கெட்டது எதுவும் இல்லை. ஆனால் வேலை முடிகிறவரை பெரியம்மாவை அந்தப் பக்கமே விடாதீங்க" என்றார். ராத்திரி அவள் இரும இரும, எனக்கு வேறொரு இருமல் நினைவுக்கு வந்து படுக்க முடியவில்லை.

அப்பா கல்லுக்குள் துளை போடும் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டுச் சுத்தமாகத்தான் வீட்டுக்கு வருவார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. ஆனால் உள்ளே போனது குளித்தால் போகுமா? கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள், கண்ணுக்கே தெரியாத பொடியாக மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடுகிறது. அந்த இடமெல்லாம் தழும்பாக இறுகிப்போகிறது. அதன் பெயர் சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகச் சொல்லப்பட்டதே 1947-ல், எங்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் என்று மருத்துவப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். கடைசி இரண்டு வருஷம் அப்பா படுத்துத் தூங்கியதில்லை. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் விடியும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கல் உடைகிற இடத்தில் இந்தத் தூசி இருக்கும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பாவை அப்படிப் பார்த்த நானே கதவைச் சாத்த மறந்தேன் என்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

வேலை நின்றது

அடுத்த வாரம் சமையல் மேடைக்குக் கருங்கல் பலகை வந்தது. பின்னறையில் வைத்து மெஷினால் அறுத்தார்கள். எட்டிப் பார்த்தேன். அறை முழுக்க வெள்ளைப் புகை மாதிரி. நடுவில் ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசிருக்கும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் நரைத்த மாதிரி வெள்ளை.

"நிறுத்துப்பா!" என்று கத்திவிட்டேன்.

மேஸ்திரி ஓடி வந்தார். "என்னாச்சும்மா? கல்லு அறுத்தா தூசி வரத்தாம்மா செய்யும். நாங்க தினம் பண்ற வேலைதானே?" என்றார். அவர் மேல் தப்பில்லை. யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்கோ எரிச்சல். "ஒரு நாள் வேலை நின்னா மூணு பேர் கூலி தண்டம். நீ உள்ளே போ" என்றார். நான் போகவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொல்லி நான் கேட்காத சில தடவைகளில் அது ஒன்று. தெருவுக்கே கேட்கிற மாதிரி வாக்குவாதம்.

சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். டாக்டர் வேண்டாம் என்று சொன்னவள்தான். வாசல் திண்ணையோடு நிற்க வைத்தேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வயசுப்பா?" என்று கேட்டாள்.

"இருபது, பாட்டி."

"எங்க வீட்டுக்காரர் பத்தொன்பதுல இறங்கினார். உன்னை மாதிரிதான், தேக்கு மரமாட்டம் இருப்பார்."

"நான்தான் துண்டு கட்டியிருக்கேனே, பாட்டி."

"துண்டு வழியா காத்து போகுதில்ல? காத்து போற வழியில அதுவும் போகும்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருடைய மாமனாரும் சுரங்கத்தில் இருந்தவர்தானாம். "சரிம்மா, தண்ணி குழாய் வெச்ச மெஷின் ஒண்ணு வாடகைக்குக் கிடைக்கும். கொல்லையில வெச்சு அறுத்துக்கறோம்" என்றார். மறுநாள் அந்த மெஷின் வந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, தூசி சேறாகிக் கீழே விழுந்தது. புகை என்பதே இல்லை! வாடகை போக ஒரு நாள் கூலியும் நஷ்டம்தான். இவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு பெட்டி என்-95 முகமூடி வாங்கிவந்து, மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஒரு எச்சரிக்கை: தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் சாதாரண மெஷினில் தண்ணீர் ஊற்றி அறுக்கக் கூடாது. ஷாக் அடித்துவிடும். அதற்கென்றே செய்த மெஷின்தான் வேண்டும். அதோடு, மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் முதலிலேயே போட்டுவிட வேண்டும். மின்சாரம் கசிந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். எங்கள் வீட்டு ஒயரைப் பார்த்தால் 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து நேராக இழுத்துக் கட்டியது போலத்தான் இருந்தது! அத்தனையும் மாற்றி எர்த் போட்ட பிறகுதான் மற்ற வேலை.

சயனைடு மேட்டு மண்

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சயனைடு மேடு தெரியும். பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாக நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்குமாம். ஆடிக் காற்றில் அந்தப் பொடி பறந்து வந்து சோற்றில்கூட விழும். சுவருக்குப் பூச ஆற்று மணல் கிடைக்காமல் திண்டாடியபோது, "மேட்டு மண்ணு மாவாட்டம் நைஸா இருக்கும்மா" என்று ஒருவர் யோசனை சொன்னார். நைஸாக இருப்பதுதானே அதில் ஆபத்து! காற்றோடு வருவதையே தடுக்க முடியாமல் இருக்கிறோம், அதைக் கூலி கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவதா? கொஞ்சம் காத்திருந்து நல்ல மணல் வாங்கினோம்.

சுவருக்கு சிமெண்டும் பூசவில்லை. மண்ணும் கல்லுமாய்க் கட்டிய பழைய சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். அதன் மேல் சிமெண்டு பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நாளாக நாளாகப் பூச்சோடு பெயர்ந்து வரும். சமையல்கட்டில் உப்புப் பூத்ததற்கே காரணம் யாரோ பாதிச் சுவருக்கு சிமெண்டு பூசியதுதான் என்று கொத்திய பிறகு தெரிந்தது. சுண்ணாம்பை நீற்றி, தண்ணீர் வற்றாமல் தொட்டியில் மூன்று வாரம் ஊறவைத்து, மணலோடு குழைத்துப் பூசினோம். அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள். எங்கள் மேஸ்திரியின் அப்பாவுக்கு அந்தப் பக்குவம் தெரிந்திருந்தது. எழுபத்தெட்டு வயசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல மகன் செய்தார். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் கிட்டே வரவே கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஓடுகளைக் கழற்றி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் திரும்பவும் அடுக்கினோம். உடைந்தவற்றுக்குப் பதில், இடித்த வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கினோம். புது ஓட்டின் அளவு பழையதோடு பொருந்தவில்லை.

ஐந்து லட்சத்தில் முடிப்போம் என்று போட்ட கணக்கு ஏழேகாலில் நின்றது. ஆடி வருவதற்குள் குடி போகவேண்டும் என்று வைகாசியில் பால் காய்ச்சினோம்.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

1. மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள பத்திரங்கள், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றை வக்கீலிடம் காட்டாமல் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தில் என்றால் காத்தா யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2. வீட்டை ஒரு முறை நல்ல மழையிலும், ஒரு முறை உச்சி வெயிலிலும் போய்ப் பாருங்கள். தண்ணீர் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தரகரைக் கேட்காதீர்கள்.

3. போட்ட கணக்குக்கு மேல் பாதிப் பணம் தனியாக வையுங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

4. பழைய கதவு, ஜன்னலின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் சட்டப்படி கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தப் பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சுடவைத்தும் உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, விழுந்ததைக் காகிதத்தோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். என் நாத்தனார் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, அது ஜன்னலடியில் தவழ்ந்துபோய் ஒரு பச்சைச் சில்லை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. நல்லவேளை, பார்த்துப் பிடுங்கினோம். குழந்தையின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை நடக்கும் வீட்டில் தங்கவே வேண்டாம்.

5. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசியும் நுரையீரலுக்கு எமன். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

6. கொத்துகிற சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். அறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஈரப் போர்வையோ பிளாஸ்டிக் தாளோ கட்டுங்கள். வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

7. சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி திரும்பக் கிளம்பும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்த துணிகளைத் தனியாக அலசுங்கள்.

8. முகமூடியைக் கணக்குப் பார்க்காதீர்கள். நமக்கு இது சில மாதத்து வேலை. அவர்களுக்கு இது ஆயுள் முழுக்க வேலை.

கடைசிக் குறிப்பைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

குடிவந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. இவர் விடியும் முன்னே டிபன் டப்பாவோடு மாரிக்குப்பம் ரயிலுக்கு ஓடுகிறார். அலுப்பாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரி திரும்பி வரும்போது திண்ணையில் அம்மாவும் அவளுடைய பழைய லைன் கூட்டாளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். "மாப்ள வந்தாச்சு" என்று இடம் விடுவார்கள். அம்மா தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஈரத் துணியால் ஜன்னல் விளிம்பைத் துடைப்பாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஆடி மாதம் என்றால் இரண்டு வேளை.

அந்தப் பையன் போன மாதம் தெருவில் பார்த்தான். இப்போது தனியாகவே கல் பதிக்கும் வேலை எடுத்துச் செய்கிறானாம். "தண்ணி மெஷின் சொந்தமா வாங்கிட்டேன்க்கா" என்றான். உண்மையா, எனக்காகச் சொன்னானா தெரியாது. உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இடிக்கிற வேலை, அறுக்கிற வேலை நடந்தால், டீ கொடுக்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மூக்கில் வெறும் துண்டு மட்டும் கட்டியிருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த இதழில், சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காமல் பரண் அமைத்த கதையோடு சந்திப்போம்.